உடைந்த சீட் பேஸ்: சூட்டு ஒட்டா, ஃபைபரா?

பாளையங்கோட்டையில் மச்சானின் பழைய ஸ்கூட்டர் சீட்டைக் கழற்றினோம். பிளாஸ்டிக் பேஸில் கீல் பக்கம் விரல் நீள விரிசல், ஃபோம் முழுக்க ஈரம். சூட்டில் உருக்கி ஒட்டுவதா, கண்ணாடி இழையில் ரெசின் (பிசின்) பூசி ஃபைபர் போடுவதா என்று அவருக்கு ஒரே குழப்பம்.

முதலில் பேஸில் ஒரு சீவல் எடுத்து, டம்ளர் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற இன்னொரு ரகப் பிளாஸ்டிக்.

செலவு
சூட்டு ஒட்டு: சால்டரிங் அயர்ன், அதே ரகப் பிளாஸ்டிக் துண்டு போதும்.
ஃபைபர்: ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், கண்ணாடி இழை மேட் எல்லாம் வாங்க வேண்டும்.

உறுதி
சூட்டு ஒட்டு: விரிசல் முனைகளில் சிறு துளை போட்டு, எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பி வலையைப் பதித்து உருக்கினால் நிற்கும்.
ஃபைபர்: ஏபிஎஸ்ஸில் நல்ல பலம். பாலிப்ரொப்பிலீனில் பிடிக்காது, கல்லில் வெந்த தோசை மாதிரி உரிந்து வரும். மச்சான் ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டார்.

சுலபம்
நம் சித்திரை வெயிலில் ரெசின் கலக்கிய கையோடு இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நெடி இரண்டிலும் உண்டு. காற்றோட்டமாக முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள்.

வெறும் விரிசலுக்குச் சூட்டு ஒட்டு. ஏபிஎஸ்ஸில் துண்டே பெயர்ந்திருந்தால் ஃபைபர். பாலிப்ரொப்பிலீனில் பெயர்ந்திருந்தால் இரண்டும் வேண்டாம், அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்துவிடுங்கள். அப்புறம், ஃபோம் நன்றாகக் காயாமல் கவரைப் பூட்டாதீர்கள்.