தாய்மாமன் பொறுப்பா, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் பொறுப்பா?

தங்கையும் அவள் கணவரும் காலமான பின், அவர்களுடைய மகள், கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். தாய்மாமன் இருக்கும்போது கோர்ட்டு எதற்கு என்று கேட்டவர்களே அதிகம். நான் நீதிமன்ற நியமனத்தையே தேர்ந்தேன். அதுவே சரியென்று இன்றும் கருதுகிறேன்.

உணவு, படிப்பு, மருத்துவம் ஆகியவற்றில் இரு வழிகளுக்கும் வேறுபாடு சொற்பம். செலவும் அலைச்சலும் உறவு வழியில் குறைவு. தத்தெடுக்கலாமே என்றும் சிலர் சொன்னார்கள். பெற்றோர் இருவரும் இல்லாத குழந்தையைத் தத்துக் கொடுப்பதற்கே ஒரு காப்பாளரும் நீதிமன்றத்தின் முன்அனுமதியும் வேண்டும்.

வேறுபாடு முழுவதும் சொத்தில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் அவளுக்குத் தகப்பன் வழித் தென்னந்தோப்பு உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) காப்பாண்மைச் சட்டப்படி தாத்தாவோ மாமனோ இயற்கைக் காப்பாளர், அதாவது நியமனம் இன்றியே சட்டம் ஏற்கும் காப்பாளர், அல்லர். குழந்தையை வளர்க்கிறார் என்பதற்காக மட்டும் எவரும் மைனர் சொத்தை விற்கவோ கையாளவோ அதன் 11-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. நியமனம் பெற்றவருக்கோ, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் அதிகாரத்தையும் அதற்குரிய கட்டுப்பாட்டையும் சேர்த்தே தருகிறது: சொந்தச் சொத்தை விவேகமுள்ள ஒருவர் பேணுவதுபோல் அதைப் பேண வேண்டும், விற்கவும், அடமானம் வைக்கவும், 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவும் முன்அனுமதி பெற வேண்டும், அந்த அனுமதியும் குழந்தையின் அவசியத்துக்காகவோ தெளிவான நன்மைக்காகவோ மட்டுமே கிடைக்கும்.

நீதிமன்றம் கோரினால், நியமனமான 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பிறகு வரவுசெலவுக் கணக்கையும் அளிக்க வேண்டும். பலர் சுமையாகக் கருதும் இந்தக் கணக்குதான் என் முடிவுக்குக் காரணம். தேங்காய் விற்ற பணம், உரச்செலவு, பறிப்புக்கூலி, பள்ளிக் கட்டணம் என ஒவ்வொன்றும் ரசீதோடு பதிவாகியிருந்தால், அவளுடைய தகப்பன் வழிப் பங்காளிகள் எப்போது கேட்டாலும் விடை ஏட்டிலேயே இருக்கும். 18 வயது நிறைந்து சொத்தை ஒப்படைக்கும் நாளில் அவளும் என் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. விற்பனை அனுமதி கேட்கும் தேவை எங்களுக்கு இதுவரை வரவில்லை என்பதால், அந்த நடைமுறையைப் பற்றி அனுபவத்திலிருந்து பேச இயலாது.

எல்லையோரத்தாருக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். நியமனம் பெற்றவர், அனுமதியின்றிக் குழந்தையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வதை 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அந்த அனுமதியைப் பொதுவானதாகவும் பெறலாம். ஆகவே பள்ளியோ தோப்போ தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால், தொடக்கத்திலேயே அதை வக்கீலிடம் சொல்லிக் கேட்டுப் பெறுவது நல்லது.