நீர்ப்பறவை வேட்டைக்கு 12 போர் பம்ப் ஷாட்கன்: பல பருவங்கள் சுட்ட பிறகு

வாத்து வேட்டைக்கு ஷாட்கன், அதாவது ரவைகள் என்னும் சிறு குண்டுகளைச் சிதறிச் சுடும் துப்பாக்கி, வாங்க நினைக்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: 12 போர் (குழலின் உள்விட்ட அளவு), 3 அங்குலச் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை), 28 அங்குலக் குழல், உங்கள் தோளுக்குப் பொருந்தும் கட்டை. எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். நான் பல பருவங்களாக வைத்திருப்பது இந்த அளவுகளில், முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒரு பம்ப் ஆக்‌ஷன். தோட்டாவின் வாயுவில் (கேஸ்) இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ ஒன்றையும் நிறையச் சுட்டிருக்கிறேன்.

சேம்பர் நீளத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். 12 போரில் 3½ அங்குலத் தோட்டா 1988இல் வந்தது. ஈயத்தை விட்டு இரும்பு ரவைக்கு மாற வேண்டி வந்ததுதான் அதற்குக் காரணம். நீரில் விழும் ஈய ரவையைப் பறவைகள் சிறு கற்களோடு சேர்த்து விழுங்கி, நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு நாடு முழுக்கத் தடை. வேட்டையை நேசிப்பவர்கள் மனதார வரவேற்க வேண்டிய விதி அது.

ஆனால் இரும்பு லேசானது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால் இரும்பு 7.8 கிராம்தான். அதனால் ரவையின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும். ஈயத்தில் 4ஆம் எண் சுட்டவர்கள் இரும்பில் 2ஆம் எண்ணுக்குப் போவது இதற்காகத்தான். எண் குறையக் குறைய ரவை பெரிது. ரவை பெரிதானால் ஒரு தோட்டாவில் எண்ணிக்கை குறையும். 3½ அங்குலம் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது, உண்மைதான். ஆனால் அது தரும் உதையில் குழல் மேலே எழும்பிவிடுகிறது, அடுத்த குறி பிடிக்க நேரமாகிறது. பொம்மை வாத்துகள் மீது இறங்கிவரும் பறவைக்கு 3 அங்குலம் தாராளமாகப் போதும் என்பதே என் அனுபவம். உயரத்தில் கடக்கும் பெருவாத்துகளைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் பெரிய தோட்டாவில் அர்த்தம் இருக்கிறது.

இனி கட்டை. ஷாட்கனில் குறி பார்க்கக் கண் பக்கம் இருக்கும் பின்குறி கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியவில்லையென்றால் குறி தப்பும். கடையில் மெல்லிய சட்டையோடு தூக்கிப் பார்த்தால் எல்லாத் துப்பாக்கியும் பொருந்துவது போலத்தான் இருக்கும். குளிருக்கான தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றி, பிறகு திறந்து பாருங்கள். குழலின் மேற்பட்டை கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். கட்டை கோட்டில் சிக்கினால் அது நீளம். கட்டையில் வைக்கும் இடைத் தகடுகளை மாற்றி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுத்துக்கொள்ளலாம். கையுறை போட்ட விரல் விசையைச் சுற்றிய வளையத்துக்குள் தாராளமாக நுழைகிறதா, பாதுகாப்புப் பொத்தான் தடவினாலே கிடைக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இடக்கைக்காரர்களுக்கு அந்தப் பொத்தான் துப்பாக்கியின் மேல் முதுகில் இருப்பதே வசதி.

ரவை எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும், குழல் வாயின் குறுக்கம்தான் சோக். அதைப் பொறுத்தவரை, இரும்பு ரவை நசுங்காததால் நெருக்கமாகவே பறக்கும். நடுத்தரக் குறுக்கமான மாடிஃபைடு சோக்கில் இரும்பைச் சுட்டால், ஈயத்துக்கு மிக இறுக்கமான ஃபுல் சோக் தரும் அளவுக்கு நெருக்கம் வருவதுண்டு. என் துப்பாக்கியில் பெரும்பாலும் மாடிஃபைடுதான். பறவைகள் மிக அருகில் இறங்கும் இடத்தில் அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர். இதைப் பேச்சில் நம்பாதீர்கள். பெரிய காகிதத்தை 35 மீட்டரில் கட்டிச் சுட்டு, ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலே வட்டம் வேறு மாதிரி வரும். ஒரு வாத்து அளவுக்கு வெற்றிடம் இருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். காயத்தோடு நாணலுக்குள் மறையும் பறவைக்கு நாம்தான் பொறுப்பு.

பம்பா, செமி ஆட்டோவா? கேஸ் முறை, தோட்டாவின் வாயுவில் ஒரு பகுதியைப் பிஸ்டனுக்குத் திருப்பி உதையைச் சற்று நீட்டி மென்மையாக்குகிறது. நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிக்காது. பதிலுக்குக் கரி படியும், சுத்தம் செய்தே ஆக வேண்டும். வாயுவை எடுக்காமல் உதையின் வேகத்தாலேயே இயங்கும் இனர்ஷியா முறையில் கரி குறைவு, உதை அதிகம். பம்ப் சேற்றிலும் மணலிலும் ஓடுகிறது, கழற்றி மாட்டுவது எளிது, விலையும் குறைவு. மிச்சமாகும் பணத்தை நான் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் வைப்பேன். உதை தாங்காதவர்கள் தயங்காமல் கேஸ் பக்கம் போகலாம்.

உப்புநீரில் இறங்குகிறவர்களுக்கு மரக்கட்டையைவிடச் செயற்கைக் கட்டையும் உள்ளே குரோம் பூசிய குழலும் நல்லது.

தாத்தா காலத்து இரட்டைக் குழல் ஒன்று வீட்டில் இருந்தால், இரும்புத் தோட்டா போடும் முன் துப்பாக்கி ஆசாரியிடம் காட்டிவிடுங்கள். ஈயத்துக்காகச் செய்த மெல்லிய குழலும் இறுக்கமான சோக்கும் இரும்பைத் தாங்காமல் புடைக்கலாம். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு மென்மையான பிஸ்மத் உலோக ரவைதான் ஏற்றது. விலை அதிகம், ஆனால் குழல் தப்பும்.