போன் வீடியோவில் மோஷன் கேப்சர்: ஒயிலாட்டத்தை வைத்துச் சோதித்தேன்

குழந்தைகளுக்கான அனிமேஷன் கதை ஒன்றில் தாத்தா ஒருவர் ஒயிலாட்டம் ஆட வேண்டும். கையால் கீஃப்ரேம் போட்டால், அதாவது அசைவின் முக்கிய நிலைகளை ஒவ்வொன்றாக நானே அமைத்தால், ஒரு நிமிட ஆட்டத்துக்கே எனக்கு மூன்று வாரம் ஆகிவிடும். ஆளின் அசைவைப் பதிவெடுத்து அப்படியே பாத்திரத்துக்குக் கொடுப்பதுதான் மோஷன் கேப்சர்; அதற்கு மார்க்கர் ஒட்டிய உடை, சுற்றிலும் கேமரா என்று ஸ்டுடியோ பிடிக்க வசதி இல்லை. அதனால், வீடியோவை ஏற்றினால் ஏஐ அசைவைப் பிரித்து எஃப்பிஎக்ஸ் கோப்பாக (3டி மென்பொருள்களில் திறக்கக்கூடிய கோப்பு வகை) தரும் இணையச் சேவை ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன்.

மேலூர்ப் பக்கம் ஒயிலாட்டம் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவர் களத்தில் ஆடிக் காட்டினார். முதல் நாள் எடுத்தது முழுக்க வீண். வேட்டிக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. அவர் குனியும்போதெல்லாம் இரண்டு காலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மறுநாள் டிராக் பேண்ட், உடம்பை ஒட்டின பனியன். போனை ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு வைத்து, நல்ல வெயிலில், நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தேன். தலை முதல் பாதம் வரை ஃபிரேமை விட்டு வெளியே போகவிடவில்லை.

வந்ததைப் பார்த்து அசந்துபோனேன். தோளை ஒரு பக்கம் சாய்த்து, அடவு மாறுவதற்கு முன் அரை நொடி நிற்பாரே, அந்த நிதானம் அப்படியே இருந்தது. அதை நான் யோசித்துப் போட்டிருக்கவே முடியாது.

பாதம்தான் பாடாய்ப் படுத்தியது. வாத்தியார் மானிட்டரை உற்றுப் பார்த்து, "தம்பி, கால் தரையில மிதிக்கவே இல்லையேப்பா, வழுக்கிட்டுல்ல போகுது" என்றார். உண்மை. ஒரே கேமரா என்பதால் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பதை அது ஊகிக்கத்தான் செய்கிறது. சலங்கைச் சத்தம் விழும் ஃபிரேமில் குதிகால் இன்னும் காற்றிலேயே நிற்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒவ்வொரு மிதிக்கும் பாதத்தை ஐகே போட்டு (பாதத்தை ஓரிடத்தில் வைத்தால் முழங்கால் தானாக அதற்கேற்ப மடங்கும் முறை) தரையில் பூட்டினேன். அதற்கே நாலு நாள். சுற்றித் திரும்பும்போது உடம்புக்குப் பின்னால் மறைந்த கையும் தாறுமாறாகத்தான் வந்தது. கையில் பிடிக்கும் துணி இதில் வராது, துணியின் அசைவைக் கணினியே கணக்கிடும்படி தனியாகச் சிமுலேஷன் செய்துகொள்ள வேண்டும்.

சிலம்பமும் ஒன்று எடுத்துப் பார்த்தோம். வீச்சின் வேகத்தில் மணிக்கட்டு வீடியோவிலேயே மங்கிவிட்டது. மென்பொருள் உடம்புக்குப் போடும் எலும்புக்கூட்டில் கம்பு சேர்த்தியே இல்லை.

மூன்று வாரம் பிடிக்கிற வேலை எட்டு நாளில் முடிந்தது. நடை, உட்காருவது, நிதானமான ஆட்டம் இதற்கெல்லாம் தாராளமாகப் பணம் கட்டலாம். நான் அடுத்த மாதமும் கட்டுகிறேன். சிலம்பக் காட்சியை மட்டும் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன்.