இலவசக் கப்பல் கேமில் பணம் போடுமுன்: வலதுபக்க எண்ணைப் பாருங்கள்

இலவசம் என்று இறக்கிய கப்பல் வணிக ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் கேம்) ஒன்றில் பணத்தை விட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே வேலையைச் செய்கிற கேம்கள் வேறு பெயரிலும் உண்டு.

குறை சொல்லுமுன் ஒன்று: வணிகப் பகுதி அருமை. கோழிக்கோட்டில் மிளகு ஏற்றி லிஸ்பனில் இறக்கினால் கொழுத்த லாபம். மொத்தத்தையும் ஒரே துறைமுகத்தில் கொட்டினால் விலை சரியும் என்பதால், இரண்டு மூன்று ஊர்களில் பிரித்து விற்க வேண்டும். தண்ணீரும் உணவும் மாலுமிகளின் தலைக்கணக்கில் தினமும் குறையும். ஆளைக் குறைத்தால் சரக்குக்கு இடம் கிடைக்கும், ஆனால் பாயை இழுக்க ஆளில்லாமல் வேகம் படுத்துவிடும். 1990-இல் கோயெய் என்ற ஜப்பானிய நிறுவனம் தொடங்கிய அன்சார்ட்டட் வாட்டர்ஸ் என்ற கடல் வணிக கேம் வரிசையின் சாயல் நன்றாகவே தெரிகிறது. மத்தியதரைக் கடலுக்குள் சுற்றும்வரை பைசா செலவில்லை.

வில்லங்கம் நன்னம்பிக்கை முனையைத் தாண்டிய பிறகு. பழுதுபார்க்கும் திரையில் கப்பலின் உறுதி 410/500 என்று இருக்கும். சரிசெய்ததும் 495/495. எல்லோரும் இடதுபக்க எண் ஏறியதைத்தான் பார்க்கிறார்கள். வலதுபக்கம் 5 கழிந்துவிட்டது. நீண்ட பயணம் ஒவ்வொன்றும் இப்படி அரித்துக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் சாதாரணப் புயலுக்கே கப்பல் மூழ்கும். அந்த உச்ச அளவை மீட்கும் பொருள் ஜெம் கடையில் மட்டும்தான், ஜெம் என்பது நிஜப் பணம் கொடுத்து வாங்கும் கேம் நாணயம். இன்னொரு வழி புதுக் கப்பல். அதற்குக் கப்பல் வரைபடத்தின் வெவ்வேறு துண்டுகள் 10 வேண்டும், அவையும் குலுக்கலில்தான், அதாவது காசு கட்டி இழுத்தால் எது வரும் என்று தெரியாத பரிசுச் சீட்டு மாதிரி.

இந்தப் பத்துத் துண்டுக் கணக்குதான் ஆளை விழுங்குகிறது. எல்லாத் துண்டுக்கும் சம வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், பத்தும் சேரச் சராசரியாக 29 குலுக்கல் ஆகும். அதில் கடைசித் துண்டு ஒன்றுக்கே 10. “9/10 ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதானே” என்று அடுத்த பேக்கை வாங்குவது அங்கேதான். துண்டுகளைச் சேர்க்கச் சொல்லும் இந்த முறையை ஜப்பான் நுகர்வோர் துறை 2012-லேயே சட்டவிரோதம் என்றது. ஒற்றைப் பரிசுக் குலுக்கலும் லேசுப்பட்டதல்ல. வாய்ப்பு 1% என்றால், 100 முறை இழுத்தும் நூற்றில் 37 பேருக்குக் கிடைக்காது. வாய்ப்பு விவரம் குலுக்கல் திரையின் மூலையில் சின்னக் கேள்விக்குறிக்குள் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

காசு கேட்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2003-இல் வந்த பசில் பைரேட்ஸ் என்ற கடற்கொள்ளையர் ஆன்லைன் கேமிலும் டப்ளூன் என்று காசுக்கு விற்கும் நாணயம் உண்டு. ஆனால் விளையாடிச் சம்பாதித்த காசைக் கொடுத்து அதைச் சக ஆட்டக்காரரிடமே வாங்கலாம். இங்கே அந்தக் கதவே இல்லை.

பணம் போட்டாகிவிட்டதா? கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் ஆர்டர் வரலாற்றுக்குப் போய் ரீஃபண்ட் கேளுங்கள். ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண்ணையும் கடைத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். வாங்கிய ஜெம்மைச் செலவழிக்க வேண்டாம். 48 மணி தாண்டிவிட்டால் கேம் நிறுவனத்திடம்தான் மல்லுக்கட்ட வேண்டும். மாதாந்திர பாஸ் வாங்கியவர்கள் ஆப்பை அழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது, சந்தாப் பகுதியில் போய் ரத்து செய்தால்தான் பிடித்தம் நிற்கும். வீட்டில் பிள்ளைகள் அதே போனைத் தொடுவார்கள் என்றால், ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

டெலிகிராமில் பாதி விலைக்கு டாப்-அப் (உங்கள் கணக்கில் ஜெம் ஏற்றித் தருவது) என்று வருகிறவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள். ஜெம் உடனே ஏறும். பெரும்பாலும் திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருக்கும், அல்லது வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்களே ரீஃபண்ட் கேட்டிருப்பார்கள். சில வாரங்களில் கார்டுக்காரரின் வங்கி பணத்தைத் திருப்பி எடுத்ததும் உங்கள் கணக்கில் ஜெம் மைனஸில் நிற்கும், அடைக்கும்வரை கணக்கு முடங்கும். புகார் கொடுக்கப் போனால் உங்கள் கையில் பில்லும் இருக்காது, ஆர்டர் எண்ணும் இருக்காது.