எர்த்து பெயிண்ட் மேல் உட்கார்ந்திருந்தது: ஒரு ஆம்ப், இரண்டு கடை

என் காரில் கம்பெனி போட்டுக் கொடுத்த தொடுதிரை ஸ்டீரியோவைக் கழற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ரிவர்ஸ் கேமராவும் ஸ்டியரிங் பட்டனும் அதோடுதான் பிணைந்திருக்கின்றன. ஆனால் சத்தம்தான் சகிக்கவில்லை. தாழ்வாக வைத்தால் பரவாயில்லை. கொஞ்சம் ஏற்றினால் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்கும், இடது பக்கத் தொப்பியின் அடிச்சத்தம் காணாமல் போய்விடும். சரி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போட்டுவிடலாம் என்று போன டிசம்பரில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன்.

முதல் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. "ஸ்டீரியோவையே மாத்திடுங்க சார்" என்றுதான் ஆரம்பித்தார்கள். முடியாது என்றதும் நான்கு சேனல் ஆம்ப் ஒன்றையும் கன்வெர்ட்டர் என்று ஒரு குட்டி டப்பாவையும் எடுத்து வைத்தார்கள். இந்த ஸ்டீரியோவின் பின்னால் ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ சாக்கெட் கிடையாது, ஸ்பீக்கருக்குப் போகும் வயர்கள் மட்டும்தான். அந்தச் சிக்னல் ஆர்சிஏ வழிக்குப் பெரிது, அதைக் குறைத்து ஆம்புக்குக் கொடுக்கத்தான் டப்பா. மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அதை அன்றைக்கே எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

வண்டியை எடுத்ததும் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது. திரும்பப் போய்ச் சொன்னேன். "புது ஆம்ப் சார், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். பொங்கலுக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய், நான்கு நாள் கழித்து வந்து சாவியைத் திருகினால் 'டிக்' என்றதோடு சரி. பேட்டரி காலி.

வடபழனிப் பக்கம் ஒரு சந்தில் ஒருத்தர் தனியாக இந்த வேலை செய்கிறார். பலகைகூடக் கிடையாது. பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில், "ஆம்ப் நல்லாத்தான் இருக்கு சார். எர்த்துதான் பெயிண்ட் மேல உக்காந்திருக்கு" என்றார். கருப்பு வயரைப் பெயிண்டைச் சுரண்டாமலே போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அந்த வழியாகத்தான் ஸ்பீக்கரில் ஏறியிருக்கிறது.

அப்புறம் பிளேடால் சிவப்பு வயரைக் கீறிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதைவிட மோசம் ஃபியூஸ் இருந்த இடம். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டியதைச் சீட்டுக்கு அடியில், ஆம்ப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நடுவில் எங்காவது வயர் உராய்ந்து பாடியில் பட்டிருந்தால் அந்த ஃபியூஸுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. வயர்தான் எரிந்திருக்கும்.

பேட்டரி காலியானதற்கும் காரணம் கிடைத்தது. ஆம்பை எழுப்பும் ரிமோட் வயரை, சாவியை எடுத்தாலும் கரண்ட் வந்துகொண்டே இருக்கும் லைனில் கொடுத்திருந்தார்கள். அதனால் ஆம்ப் தூங்கவே இல்லை. இவர் மல்டிமீட்டரை எடுத்து, ஸ்டீரியோ ஓடும்போது ஸ்பீக்கர் வயர் இரண்டையும் பாடியோடு வைத்து அளந்தார். பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஏறக்குறைய 6 வோல்ட். இந்த மைனஸ் எர்த்து இல்லை, இதைப் பாடியில் தொட்டால் ஸ்டீரியோ போய்விடும் என்றார். அந்த 6 வோல்ட் வந்தால் தானாக விழித்து, போனால் தூங்கிவிடும் வசதி என் ஆம்பிலேயே இருந்தது. ஸ்பீக்கர் வயரை நேராக வாங்கிக்கொள்ளும் சாக்கெட்டும் இருந்தது. அதாவது அந்த டப்பாவே தேவையில்லை. பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. நானும்தான் படிக்கவில்லை.

காலை பத்துக்கு விட்ட வண்டி இரவு ஏழரைக்குக் கிடைத்தது. வெட்டிய இடங்களைச் சால்டர் வைத்து ஒட்டி, நடுவே செருகும் கப்ளர் போட்டிருக்கிறார். இனி எதையும் வெட்டாமல் உருவிவிடலாம். பவர் வயர் முழுச் செம்பில் புதிது, இடது பக்கமாகப் போகிறது. சிக்னல் வயர் வலது பக்கம். கடைசியில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றி ஒரு 'பீ' சத்தத்தை ஓடவிட்டார். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வாயில் மீட்டரை வைத்து, ஆம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் திருகை 15.5 வோல்ட் வந்ததும் நிறுத்தினார். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 60 வாட்ஸ். முதல் கடையில் கெயினைக் காதால் கேட்டே திருகியிருந்தார்கள், கிட்டத்தட்ட முழுசாக.

கூலி 2,500, வயரும் கப்ளரும் 2,200. பில் கிடையாது, சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும்.

இப்போது இரைச்சல் சுத்தமாக இல்லை. குரல் தெளிவாக முன்னால் வந்து நிற்கிறது, நாகஸ்வரம் காதைக் குத்தவில்லை. ஆனால் தொப்பி முழுசாகத் திரும்பவில்லை. வால்யூம் ஏற ஏறக் கதவு ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காக ஸ்டீரியோவே அடிச்சத்தத்தை வெட்டிவிடுகிறதாம். வராத சத்தத்தை ஆம்ப் எப்படிப் பெரிதாக்கும்? அதைச் சரிக்கட்ட டிஎஸ்பி என்று சிக்னலைத் திருத்தும் தனிப் பெட்டி போட வேண்டும், கிட்டத்தட்ட ஆம்ப் விலை. இதை வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார், அதனால் வருத்தம் இல்லை.

வருத்தம் பின் இடது கதவில்தான். பேனலைக் கழற்றும்போது ஒரு கிளிப்பை உடைத்துவிட்டார். வால்யூம் பதினெட்டைத் தாண்டினால் கதவு கடகடக்கிறது. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.