ரோடன்ட் எஞ்சினின் ஆட்டப் பாணியை இரண்டு வருஷமாகத் திருகிப் பார்த்ததில்

காட்பாடி வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் ரோடன்ட் என்ற செஸ் எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் நிரலை, இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இலவசம்தான். மிகப் பலமான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ்ஷின் பலத்துக்குக் கிட்டவே வராது, ஆனால் அது எப்படி ஆட வேண்டும் என்பதை நாமே மாற்றலாம். தாக்குதலுக்குப் பேர்போன டால், தற்காப்புக்குப் பேர்போன பெட்ரோசியன் என்ற பழைய உலக சாம்பியன்கள் பெயரில் ஆயத்தக் கோப்புகளே உண்டு. ஸ்டாக்ஃபிஷ்ஷில் முன்பு கன்டெம்ட் என்று ஒன்று இருந்தது, டிராவை எவ்வளவு வெறுக்க வேண்டும் என்று சொல்வதற்கு. இப்போதைய பதிப்புகளில் அதுவும் இல்லை.

ரோடன்டில் தன் தாக்குதலுக்கு எவ்வளவு மதிப்பு, எதிராளி தாக்குதலுக்கு எவ்வளவு, காய்களின் நடமாட்டத்துக்கு எவ்வளவு என்று தனித்தனி எண்கள் இருக்கும், இயல்பு 100. நான் முதலில் தன் தாக்குதலை மட்டும் 200 ஆக்கி, மாற்றாத ரோடன்டோடு 20 ஆட்டம் விட்டேன். 12.5-7.5 என்று ஜெயித்தது! கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அது வெறும் அதிர்ஷ்டம். ஆட்டப் பலத்தை எலோ என்ற புள்ளியில் அளப்பார்கள்; 20 ஆட்டத்தில் இரண்டு பக்கமும் நூறு எலோவுக்கு மேல் பிழை வரும், 100 ஆட்டம் விட்டாலும் ஐம்பது அறுபது எலோ முன்னே பின்னே இருக்கும். ஆயிரம் ஆட்டத்துக்குப் போனால்தான் இருபதுக்குள் அடங்குகிறது. அப்புறம் எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிடும் கியூட்செஸ் என்ற மென்பொருளைப் போட்டு, ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி இரண்டு முறை ஆட வைத்து, ஆட்டத்துக்குப் பத்து விநாடியும் நகர்வுக்குப் பத்தில் ஒரு விநாடியும் கொடுத்து, நாள் கணக்கில் ஓட விட்டேன். 200 வைத்த எஞ்சின் தெளிவாகத் தோற்றது. 120 வைத்தது? மாற்றாததோடு வித்தியாசமே பிடிபடவில்லை.

இதில் நம்ம ஊர் வெயிலையும் சொல்லியாக வேண்டும். கத்திரியில் மத்தியானம் நான்கு ஆட்டங்களை ஒன்றாக ஓட்டினால் லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மே மாத முடிவுகள் எதுவும் மற்ற மாதங்களோடு ஒட்டாமல் போகவே ஆட்டக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் பார்த்தேன், நிறைய ஆட்டங்கள் நேரம் போய்த் தோற்றவை. ஒன்றில் ராணி ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு தோற்றிருந்தது. அத்தனையும் குப்பை, அந்த மாதத்தை முழுசாகத் தூக்கிப் போட்டேன். இப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல், இரண்டு ஆட்டம் மட்டும், லேப்டாப்புக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து டேபிள் ஃபேன் முன்னால். மேயிலும் நேரத் தோல்வி வருவதில்லை.

சரி, தாக்குதலைக் கூட்டினால் ஏன் பலம் குறைகிறது? என் அக்கா மகள் ஆடிய ஒரு ஆட்டத்தில்தான் எனக்கு அது புரிந்தது. அவள் கறுப்பு, கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாக ஒதுக்கிவிட்டாள். 200 வைத்த எஞ்சின் பிஷப்பைக் கொண்டுபோய் ராஜாவுக்கு முன்னால் எச்7 கட்டத்தில் நின்ற சிப்பாயை அடித்து செக் வைத்தது. ராஜா எடுத்தது, குதிரை ஜி5-ல் செக், ராஜா ஜி8, ராணி எச்5. முதல் நாள் பயந்துபோய் ஏதோ நகர்த்தித் தோற்றாள். மறுநாள் அதே நிலையை வைத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாமா, டி7 குதிரை எஃப்6-க்கு வரலாமே" என்றாள். வந்தது. எச்7-க்கும் காவல், ராணிக்கும் அடி. பிஷப் போனது போனதுதான்.

குதிரை எஃப்6-க்கு வரும் என்பது எஞ்சினுக்குத் தெரியாமல் இல்லை. ராஜாவைச் சுற்றி நிற்கும் காய்களுக்கு மதிப்பை இரட்டிப்பாக்கி வைத்ததால் ஒரு பிஷப் நஷ்டம் அதன் கணக்கில் சின்னதாகப் போய்விட்டது, அவ்வளவுதான். இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்படி வைத்தவை, ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றதெல்லாம் கோணுகிறது. எந்த வழியை ஆழமாகப் பார்ப்பது, எதை வெட்டிவிடுவது என்று எஞ்சின் முடிவு செய்வதும் அதே மதிப்பை வைத்துத்தான், அதனால் தேடலும் கெடுகிறது. எதிராளி தாக்குதலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன், தன் ராஜாவைப் பற்றிய பயம் வந்து ஆட்டம் கொஞ்சம் நிதானப்பட்டது, பலம் மட்டும் திரும்பவில்லை.

ஆகவே பலத்துக்காக யாரும் இதைத் தொட வேண்டாம். ஆனால் பயிற்சிக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷோடு ஆடினால் பிள்ளைகளுக்கு எங்கே தோற்றோம் என்றே தெரிவதில்லை. இது துணிந்து தப்பு செய்கிறது, தப்பைப் பிடித்தால் ஜெயிக்கலாம். ஆயத்தக் கோப்புகளில் டால் பாணி அதற்கு அருமை. பெட்ரோசியன் பாணி என் கண்ணுக்கு மந்தமாகத்தான் தெரிந்தது, அக்கா மகளுக்கும் பிடிக்கவில்லை.

அவளுக்காக இப்போது தன் தாக்குதல் 150, எதிராளி தாக்குதல் 80 என்று வைத்திருக்கிறேன். நேற்று அதை டிரா பண்ணிவிட்டு, 170 ஆக்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.