மலையகத் தொழிற்சாலையொன்றில் பகிர்வு நினைவகம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில், கொழுந்தை வாட்டும் மாடிக்கு ஏற்றும் பட்டிக்கு மேலே ஒரு கமரா பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து படங்களைப் பெறுவது ஒரு செயன்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். முற்றிய இலையின் பங்கைக் கணிப்பது இன்னொன்று. முடிவை அலுவலகத் திரையில் காட்டுவது மூன்றாவது. லினக்ஸில் இயங்கும் இம்மூன்றும் பொதுவாகப் படித்து எழுதும் நினைவகப் பகுதியை, அதாவது பகிர்வு நினைவகத்தைப் பல பருவங்களாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கொழுந்தின் நிறை (எடை) விவரங்களை மட்டும் அனுப்புவதாக இருந்தால், ஒரு செயன்முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை வரிசையாக அனுப்பும் பைப் தாராளமாகப் போதும். பகிர்வு நினைவகத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஆனால் 1920×1080 அளவுள்ள ஒரு வண்ணப்படம் ஏறத்தாழ 6.2 மெகாபைட். லினக்ஸ் பைப்பின் வழக்கமான கொள்ளளவோ 64 கிலோபைட்தான். ஒரே படம் அதை 95 தடவை நிரப்ப வேண்டியிருக்கும் என்பதோடு, ஒவ்வொரு பைட்டும் இயங்குதளத்தின் மையமான கருனலுக்குள் ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் நகலெடுக்கப்படும். பகிர்வு நினைவகத்தில் இந்த நகலெடுப்பு இல்லை.

பகிர்வு நினைவகத்தை உருவாக்க லினக்ஸில் இரு முறைகள் உண்டு. முதலில் இங்கு இருந்தது பழைய சிஸ்டம் ஃபைவ் முறை. அதில் உருவாக்கிய நினைவகத் துண்டு, உருவாக்கிய செயன்முறை இறந்த பின்னும், யாராவது நீக்கும்வரை அல்லது கணினி மறுபடி தொடங்கும்வரை நிற்கும். நிரல் இடையில் விழுந்த நாட்களில் ஐபிசிஎஸ் கட்டளையை இட்டால் அநாதைத் துண்டுகள் வரிசையாகத் தெரியும். மின்சாரம் போனால் மட்டுமே இந்த முறைமை சுத்தமாகும் என்று நாங்கள் பகடி பேசுவதுண்டு. மழைக்காலத்தில் அதற்கும் குறைவில்லை.

பிறகு யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் நியமத்தின் முறைக்கு மாறினோம். எஸ்எச்எம்-ஓப்பன் மூலம் பெயரிட்டுத் திறந்து, எஃப்ட்ரங்கேட் மூலம் அளவு குறித்து, எம்மேப் மூலம் செயன்முறையின் முகவரிப் பரப்பில் பொருத்துவது எளிது. ஆனால் அளவு குறிப்பது இடம் ஒதுக்குவதாகாது. நிரல்களைத் தனிமைப்படுத்தி ஓட்டும் டொக்கர் கொள்கலனுக்குள் இந்நினைவகத்தின் இயல்பான எல்லை 64 மெகாபைட் என்பதால், பத்துப் படங்களுக்கு மேல் அதில் கொள்ளாது. இருபது படங்களுக்கு அளவு கேட்டாலும் எஃப்ட்ரங்கேட் மறுக்காது. பதினோராவது படத்தை எழுதும்போதுதான் சிக்பஸ் சமிக்ஞை வந்து நிரலைக் கொல்லும். பொசிக்ஸ்-ஃபாலொகேட் மூலம் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கினால், பற்றாக்குறை தொடக்கத்திலேயே ஒரு பிழைக்குறியாகத் தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு செயன்முறை மட்டும் நினைவகத்தைத் தொடுவதற்கான பூட்டு விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பூட்டை வைத்திருக்கும் செயன்முறை இறந்தால், சாதாரண மியூடெக்ஸ் என்ற பூட்டில் மற்றவை முடிவின்றிக் காத்திருக்கும். 2008ஆம் ஆண்டுப் பொசிக்ஸ் நியமத்தில் இடம்பெற்ற ரொபஸ்ட் மியூடெக்ஸ், அடுத்துப் பூட்டைக் கேட்பவரிடம் முந்தைய உரிமையாளர் இறந்துவிட்டார் என்று அறிவித்தே பூட்டைக் கொடுக்கும். அரைகுறையாக எழுதப்பட்ட தரவைச் சீர்செய்து, சீராயிற்று என்று அறிவிப்பது அதைப் பெற்றவரின் பொறுப்பு. எங்கள் நிரலில் அந்தப் படத்தைக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். கொழுந்துப் படத்தில் ஒன்று குறைந்தால் நட்டமில்லை. வங்கிக் கணக்காக இருந்தால் இவ்வளவு தாராளம் காட்ட முடியாது. இன்னொன்று: ஒவ்வொரு செயன்முறையிலும் நினைவகம் வெவ்வேறு முகவரியில் பொருந்தக்கூடும் என்பதால், உள்ளே சுட்டிகளை (நேரடி நினைவக முகவரிகளை) வைக்காமல் தொடக்கத்திலிருந்தான தூரத்தை மட்டுமே வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தது, லினக்ஸில் சேவைகளையும் பயனர் அமர்வுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ரிமூவ்-ஐபிசி அமைப்பு. அதன் மூல வெளியீட்டில் இது இயல்பாகவே செயலில் இருக்கும். ஒரு சாதாரணப் பயனரின் கடைசி அமர்வு முடிந்தவுடன் அவருக்குரிய பொசிக்ஸ் துண்டுகளின் பெயர்களை அழித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைகள் பழைய நினைவகத்தையே பிடித்திருக்கும். பின்னர் தொடங்கும் செயன்முறையோ அதே பெயரில் புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. அலுவலகத் திரையில் வெற்றுப்படம் மட்டும் நிற்கும். நிரல்களை முறைமைப் பயனரின் (சேவைகளுக்கென ஒதுக்கிய கணக்கின்) கீழ் சேவையாக ஓட்டத் தொடங்கிய பின் இது வரவில்லை, ஏனெனில் அத்தகைய பயனர்களை அந்த அமைப்பு தொடுவதில்லை.

பொசிக்ஸுக்கே என் வாக்கு என்றாலும், சிஸ்டம் ஃபைவில் ஒரு வசதியை இன்றும் தேடுகிறேன்: ஒரு துண்டில் எத்தனை செயன்முறைகள் இணைந்துள்ளன, யார் உருவாக்கினார் என்பதையெல்லாம் கருனலே எண்ணி வைத்திருக்கும். பொசிக்ஸில் அப்படி ஒரு எண்ணிக்கை கிடைக்காததால், துண்டுகள் கோப்புகளாகத் தெரியும் டெவ் கோப்புறையின் எஸ்எச்எம் பகுதிக்குச் சென்று, ஃபியூசர் கட்டளையால் அவற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது.